பூச்சாண்டிக்கு மூன்று சான்று

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே மூவரும் சுகம். உன் தோள்வலி எப்படி இருக்கிறது? அத்தான் மாடிப்படி ஏறும்போது முழங்கால் வலியில் படிகளைத் திட்டுகிறார் என்று போன தடவை எழுதியிருந்தாய். திட்டுகிற தெம்பு இருக்கிறதே, அது போதும்.

எனக்குப் பெரிய வேலை கிடைத்திருக்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடம். எட்டு அறை, ஒரு பெரிய கூடம், உள்ளும் புறமும் பூச்சு வேலை முழுக்க என் பொறுப்பு. எனக்குக் கீழே ஆறு பேர். இருபது வருடமாக அடுத்தவர் சாரத்தில் நின்றவன் இப்போது என் சாரத்தில் நிற்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் தெரியுமா? நம் கடுகு படிக்கிற பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு ஜன்னலில் எட்டிப் பார்த்தால் என் சாரம் தெரியும். வேலை உறுதியான அன்று மகளைவிட நான்தான் அதிகமாகக் குதித்தேன் என்று வீட்டுக்காரி சொல்லிக் காட்டிக்கொண்டே இருக்கிறாள்.

வேலை தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. சுவர் நன்றாக வருகிறது.

ஒரு சின்ன விஷயம். உங்கள் அகராதி ஆபீசில் இப்போது 'ப' வரிசை ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். பூச்சாண்டி என்கிற சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு உண்மையான பொருள் என்ன என்று பார்த்துச் சொல்வாயா? சும்மாதான் கேட்கிறேன். அவசரமில்லை. ஆனால் மறந்துவிடாதே.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

•

ஜூன் 20

அருமைத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். என் தோள் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. உன் அத்தானின் முழங்கால் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ மேஸ்திரி ஆன செய்தியைப் படித்துவிட்டு ஆபீசில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. தேநீர் கொண்டுவருகிறவர்கூட இன்று 'உங்க தம்பி சாரம் எப்படி இருக்கு?' என்று விசாரித்தார்.

உன் கேள்விக்கு வருகிறேன். பூச்சாண்டிக்கு இங்கே, யார் எங்கே எப்படி எழுதினார்கள் என்று குறித்துவைத்த பதினேழு சொல்சீட்டு இருக்கிறது. பொருள் உனக்கும் எனக்கும் தெரிந்ததுதான். குழந்தைகளைப் பயமுறுத்த இல்லாத ஒருவனைச் சொல்வது. பெரியவர்கள் விஷயத்தில், வெற்று மிரட்டல். 'பூச்சாண்டி காட்டாதே' என்கிறோமே, அது.

எங்கிருந்து வந்தது என்பதில்தான் அடிதடி. ஒரு கட்சி பூச்சியிலிருந்து வந்தது என்கிறது. பூச்சி காட்டுவது என்றாலும் பயமுறுத்துவதுதானே. இன்னொரு கட்சி, பூச்சு என்கிறது. உடம்பெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு வீடு வீடாக வந்த ஆண்டி, பூச்சு ஆண்டி. நான் இரண்டாவது கட்சி. காரணம் இலக்கணம். பூச்சி என்று வைத்துக்கொண்டால் நடுவில் ஒரு யகரம் நுழைந்து பூச்சியாண்டி ஆகியிருக்கும். பூச்சு என்றால் கடைசி உகரம், எதிரே ஆண்டி வருவதைப் பார்த்ததும் இடத்தைக் காலிசெய்துவிட்டு ஓடிவிடும். பூச்சாண்டி. கணக்காகப் பொருந்துகிறது.

இதைச் சொன்னதும் எங்கள் பதிப்பாசிரியர் கத்தரி (பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது எங்களுக்கே மறந்துவிட்டது) மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். அவருடைய சட்டம் உனக்குத் தெரியும். ஒரு சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருள் சேர்க்க வேண்டுமென்றால் மூன்று வெவ்வேறு ஆட்கள் கைப்பட எழுதிய மூன்று சான்று வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. இரண்டு சான்றோடு போனால் கத்தரிதான்.

ஞாபகம் இருக்கிறதா? உனக்கு நான்கு வயது, எனக்கு ஒன்பது. நான் விளையாடப் போகும்போதெல்லாம் வால் பிடித்துக்கொண்டு வருவாய். ஒருநாள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு கதவுக்குப் பின்னாலிருந்து குதித்தேன். நீ துணிப்பெட்டிக்குள் நுழைந்தவன், சாயங்காலம் வரை வெளியே வரவில்லை. அம்மா எனக்குக் கொடுத்த அடி இன்றைக்கும் முதுகில் இருக்கிறது. அன்று பெட்டிக்குள் ஒளிந்தவன் இன்று சுண்ணாம்பும் சிமெண்டுமாக நிற்கிறான். அசல் பூச்சு ஆண்டி.

சும்மா கேட்டேன் என்கிறாய். நீ சும்மா எதைக் கேட்டிருக்கிறாய்?

கடுகின் கன்னத்தைக் கிள்ளு.

அக்கா

•

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம். அத்தானுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லி என் ஆட்களில் மூத்தவர் சொல்கிறார். அவருக்கும் அதே முழங்கால்.

நான்கு அறை முடிந்துவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நூல் சுவரை விட்டு ஒரு இழை விலகாது. மூலைகளை ஆட்களிடம் விடாமல் நானே பார்க்கிறேன். காலையில் ஐந்தரைக்கெல்லாம் போய்விடுகிறேன். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு எல்லோரும் போனபிறகுதான் இறங்குகிறேன். மதியச் சாப்பாடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அங்கே காற்று நன்றாக வருகிறது. அங்கேயே முகம் கைகால் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன்.

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். ஒரு சந்தேகம். சாம்பல் பூசிக்கொண்டு வந்த அந்த ஆண்டி யாரையும் பயமுறுத்த வரவில்லையே. சோறு கேட்டுத்தானே வந்தான்? கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளைகளிடம் அவனைக் காட்டியவர்கள் மற்றவர்கள். அவனுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால், அது என்ன நினைத்திருக்கும்? உங்கள் சீட்டுகளில் அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?

வேறு விசேஷம் இல்லை.

தம்பி

•

ஜூலை 12

தம்பிக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். ஒத்தடம் கொடுத்தாயிற்று, அதையும் திட்டினார்.

சீட்டுகளில் ஆண்டியின் பிள்ளையைப் பற்றி ஒன்றும் இல்லை. உன் கடிதத்தில்தான் இருக்கிறது.

உனக்கு இது நாற்பத்தோராவது வயது. காற்று வருகிறதா இல்லையா என்று பார்த்து நீ என்றைக்குச் சாப்பிட்டிருக்கிறாய்? பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே சாப்பிடுகிறவன் நீ. கட்டடத்து வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையெல்லாம் 'வாங்க, சாப்பிடலாம்' என்று கூப்பிடுகிறவன். இப்போது தொட்டிக்குப் பின்னால் என்ன வேலை? மகளும் நீயும் ஒரே இடத்தில் பகல் முழுக்க இருக்கிறீர்கள். கடிதத்தில் அவள் பெயரே இல்லை. எனக்கு மூக்கில் வியர்க்கிறது.

சுவரைப் பூசு. என்னிடம் பூசி மெழுகாதே.

அக்கா

•

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

வேலை தொடங்கிய நான்காவது நாள். இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் ஜன்னலில் முண்டியடித்துக்கொண்டு என்னைப் பார்த்து 'பூச்சாண்டி, பூச்சாண்டி' என்று கத்தினார்கள். எனக்கு அது ஒன்றும் புதிதில்லை. கையை ஆட்டினேன். கூட்டத்தில் கடுகும் நின்றாள். அவளுக்காகவே சாரத்திலிருந்து இறங்கி, சிரித்துக்கொண்டே பக்கத்தில் போனேன். உயரமான ஒரு பெண் அவளிடம் கேட்டாள். 'உன்னையே பாக்குறாரே, யாரு அவரு?'

கடுகு என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னாள். 'யாரோ.'

அவ்வளவுதான் அக்கா. ஒரே ஒரு சொல். அதற்குப் பொருள் தேட அகராதி வேண்டியதில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. எட்டு வயதுப் பிள்ளை, நாளெல்லாம் அந்தக் கூட்டத்தோடுதான் உட்கார வேண்டும். என்னால் அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது. அதனால்தான் ஒளிகிறேன். வீட்டுக்கு வந்தால் வழக்கம்போல மடியில் ஏறிக் கதை கேட்கிறாள். அதுதான் இன்னும் கொடுமையாக இருக்கிறது.

கடலோரத்தில் புதுத் துறைமுகம் கட்டுகிறார்கள். ஒன்றரை வருட வேலை, அங்கேயே தங்க வேண்டும். அதற்கு ஆள் எடுக்கிறவன் இம்மாதம் 25ஆம் தேதி கையெழுத்து வாங்க வருகிறான். மீதி அறைகளையும் கூடத்தையும் என் மூத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றிருக்கிறேன். பெரிய வேலை என்பதால் போகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே வைத்துக்கொள். திரும்பி வரும்போது அவளுக்குப் பத்து வயதாகியிருக்கும். சிலது மறந்திருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

•

ஆகஸ்ட் 5

அன்புள்ள அத்தைக்கு,

நான்தான் கடுகு. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? மாமா நல்லா இருக்காரா? மாமா கால் நல்லா இருக்கா? இது ரகசியக் கடிதம். அம்மா உறை வாங்கிக் கொடுத்தாங்க, படிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க.

அத்தை, எங்க ஸ்கூல்ல நாலாம் வகுப்புல ரெட்டைப் பின்னல்னு ஒருத்தி இருக்கா. சின்ன கிளாஸ் பிள்ளைங்ககிட்ட பென்சில் பிடுங்குவா. எங்கிட்டயும் ரெண்டு பிடுங்கிட்டா. அப்பா வேலைக்கு வந்ததும் எல்லாரும் பூச்சாண்டின்னு பயந்தாங்க. ரெட்டைப் பின்னலும் பயந்தா. நான் அவகிட்ட, பூச்சாண்டி எனக்குத் தெரிஞ்சவர், நான் சொன்னா உன்னைப் பிடிச்சிட்டுப் போயி சுவருக்குள்ள வச்சுப் பூசிடுவாருன்னு சொன்னேன். அன்னிக்கே எல்லாப் பென்சிலும் திரும்பி வந்திடுச்சு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைங்க பென்சில்கூட.

அவரு யாருன்னு அவ கேட்டா. நான் யாரோன்னு சொல்லிட்டேன். அப்பான்னு சொன்னா எல்லாம் போச்சே. அப்பாவுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா அத்தை?

ஆனா இப்ப அப்பா வெளியே வர்றதே இல்லை. சாப்பிடக்கூட வர்றதில்லை. பூச்சாண்டி போயிட்டான்னு ரெட்டைப் பின்னல் சொல்றா. நேத்து மூணு பென்சில் போச்சு. அப்பாவை வெளியே வரச் சொல்லுங்க. முகம் கழுவாம வரச் சொல்லுங்க. முக்கியமா, சிரிக்கக் கூடாது. அப்பா சிரிச்சா பூச்சாண்டி மாதிரியே இருக்காது.

காரணம் மட்டும் அப்பாகிட்ட சொல்லாதீங்க. சொன்னா கண்டிப்பா சிரிச்சிடுவாரு. சத்தியமா சொல்லக் கூடாது.

இப்படிக்கு
கடுகு, மூன்றாம் வகுப்பு, ஆ பிரிவு

•

ஆகஸ்ட் 12

என் தங்கக் கடுகுக்கு,

அத்தையின் முத்தம். மாமாவின் கால் உன் கடிதத்தைப் படித்தபிறகு கொஞ்சம் தேவலை. படித்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உன் சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன். காரணத்தை நான் சொல்ல மாட்டேன். வெளியே வரச் சொல்லி மட்டும் எழுதுகிறேன்.

ஆனால் ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். நீ 'யாரோ' என்று சொன்னது அப்பா காதில் விழுந்துவிட்டது. அதனால்தான் ஒளிகிறார். உனக்குத் தன்னைக் கண்டால் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உனக்கு மூன்று பென்சில் போயிற்று. அவருக்கு அதைவிடப் பெரிது ஒன்று போயிருக்கிறது.

என்ன செய்வது என்று நான் சொல்லமாட்டேன். நாலாம் வகுப்பையே ஆட்டிவைத்தவளுக்கு நான் என்ன சொல்லித் தருவது? ஆனால் 25ஆம் தேதிக்கு முன்னால் செய்.

அத்தை

•

ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை, தபால் எடுக்க ஆள் வந்துவிடுவான்.

துறைமுகத்துக்காரனிடம் கையெழுத்துப் போடாதே. காரணம் கேட்காதே, சொல்ல மாட்டேன், சத்தியம் செய்திருக்கிறேன். ஒன்று மட்டும் செய். ஒரே ஒரு நாள் மதியம் தொட்டிக்குப் பின்னால் போகாமல், எல்லோரும் பார்க்க முன்னால் உட்கார்ந்து சாப்பிடு. முகத்தைக் கழுவாதே. முடிந்தவரை சிரிக்காதே.

நீ எழுதியதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பூச்சாண்டி என்கிற சொல்லை முதலில் உன்மேல் ஏவியவள் நான். நாலு வயதில் உன்னைப் பெட்டிக்குள் விரட்டினேன். பெட்டியைத் திறந்து உன்னைத் தூக்கியது அம்மாதான். நான் அடிக்குப் பயந்து நின்றுகொண்டிருந்தேன். இந்தத் தடவை திறப்பது நானாக இருக்கட்டும்.

எதிரே ஆண்டியைக் கண்டதும் பூச்சில் இருக்கிற உகரம் ஓடுகிறது என்று எழுதினேன். அது உகரத்தின் வேலை. நீ நில்.

அக்கா

•

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நன்றாக இருக்கிறோம். இந்தத் தடவை இது நிஜம்.

உன் கடிதம் 19ஆம் தேதி வந்தது. முகம் கழுவாதே, சிரிக்காதே என்பதைப் படித்துவிட்டு, அகராதி பார்த்துப் பார்த்து அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். மேலும் ஐந்து நாள் தொட்டிக்குப் பின்னால்தான் இருந்தேன். 24ஆம் தேதியும் வந்துவிட்டது. மறுநாள் துறைமுகத்துக்காரன் தாளோடு வருகிறான். போகத்தானே போகிறோம், ஒரு தடவை அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டுப் போவோம் என்று டப்பாவை எடுத்துக்கொண்டு கூடத்து வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன். அன்று கூடத்தின் மேல்தளத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சு. மேல்தளம் பூசினால் பாதி நம் தலையில்தான் விழும். புருவம், காது எல்லாம் வெள்ளை.

மணி அடித்தது. ஓடிவந்த பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார்கள். முன்னால் அந்த உயரமான பெண், ரெட்டைப் பின்னல். கையில் நாலைந்து பென்சில். நான் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலும் இல்லை.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு கடுகு வந்தாள். நேராக என்னிடம் வந்தாள். வந்து, சலவைச் சட்டையோடு என் தோளில் சாய்ந்து, கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டாள். ஒரு பக்கம் முழுக்க அவளும் வெள்ளையாகிவிட்டாள்.

'இவர் எங்க அப்பா' என்றாள். பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

ரெட்டைப் பின்னலுக்குக் குழப்பம். 'அப்போ பூச்சாண்டி இல்லையா?'

'பூச்சாண்டியும் இவர்தான். இந்தச் சுவரையெல்லாம் பின்ன யாரு பூசினது?'

'அப்படின்னா பயப்பட வேணாமா?'

'பென்சிலையெல்லாம் திருப்பிக் குடு. அப்புறம் வேணாம்.'

அக்கா, நான் எவ்வளவோ பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். அங்கேதான் சிரித்துவிட்டேன். நான் சிரித்ததும் கூட்டமே சிரித்தது, ரெட்டைப் பின்னல் உட்பட. பென்சில்கள் வரிசையாகப் படியில் வந்து உட்கார்ந்தன.

பிறகு கடுகு என் டப்பாவில் பாதியைக் காலிசெய்துகொண்டே நடந்ததையெல்லாம் காதோடு சொன்னாள். 'யாரோன்னு சொன்னது உனக்குக் கேட்டுடுச்சாப்பா?' என்று கேட்டாள். கேட்கவில்லை என்றேன். 'பொய். அத்தை எழுதிட்டாங்க' என்றாள். இரண்டரை மாதமாக என் மகளுக்கு நான் அவமானம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளோ என்னை ஆயுதமாக வைத்திருந்திருக்கிறாள். அழுதேன் என்று எழுத வெட்கமில்லை. அழுதேன். கன்னத்தில் இரண்டு கோடு சுண்ணாம்பு கரைந்து போயிற்று, அதைக் காட்டி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

துறைமுகத்துக்காரன் மறுநாள் வந்தான். தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இப்போது தொல்லை வேறு. இடைவேளையில் பிள்ளைகள் பயமில்லாமல் சாரத்துக்குக் கீழே வந்து நிற்கிறார்கள். தலைமை ஆசிரியை அறிவிப்பு எழுதி ஒட்டிவிட்டார். அதில் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார் என்று நீயே பார். பத்திரமாக எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் இன்னொன்று எழுதி ஒட்டிவிட்டார்.

அத்தான் இனி படிகளைத் திட்டக் கூடாது, என்னை வந்து பார்க்கச் சொல். படிகளையே சாய்வாகப் பூசித் தருகிறேன்.

உன் தம்பி

•

செப்டம்பர் 8

என் ராஜாவுக்கு,

அக்காவின் ஆயிரம் ஆசிகள். உன் கடிதத்தை நான் ஒரு தடவையும் உன் அத்தான் மூன்று தடவையும் படித்தோம். அவர் இப்போது அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார்.

அந்த அறிவிப்பைப் படித்ததும் எனக்குக் கைகால் பரபரத்துவிட்டது. 'பூச்சாண்டி சாரத்தில் வேலை செய்யும்போது மாணவர்கள் யாரும் கீழே நிற்கக் கூடாது.' கையெழுத்து, பள்ளிக்கூட முத்திரை, தேதி, எல்லாம் பக்கா. கடுகின் கடிதத்தையும் இதையும் எடுத்துக்கொண்டு நேராகக் கத்தரியின் அறைக்குப் போனேன். அவளிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன், கவலைப்படாதே. ரகசியம்தான் உடைந்துவிட்டதே, தாராளமாகக் காட்டுங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

பூச்சாண்டிக்கு மூன்றாவதாக ஒரு பொருள் எழுதி அவர்முன் வைத்தேன். '(அன்பாக) சுவர்ப் பூச்சு வேலை செய்பவர்.' கத்தரி அறிவிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடுகின் கடிதத்தைப் படித்தார். பேனாவை எடுத்து 'அன்பாக' என்பதை அடித்தார். பிறகு 'அப்பாவுக்கெல்லாம் யாராவது பயப்படுவாங்களா அத்தை' என்கிற இடத்துக்குத் திரும்பப் போனார். அடித்ததற்கு மேலே தன் கையாலேயே 'அன்பாக' என்று மறுபடி எழுதினார். பத்தொன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறேன். அவர் வெட்டியது திரும்ப முளைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் சட்டம் சட்டம்தான். இரண்டு சான்று இருக்கிறது, மூன்றாவது எங்கே என்றார். ரெட்டைப் பின்னலிடம் எழுதி வாங்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'யாரை வேணும்னாலும் எந்தச் சொல்லாலயும் கூப்பிடலாம்மா. அந்த ஆளு அதை வாங்கிக்கிட்டாத்தான் அது பேரு. வாங்கிக்கலேன்னா வசவு. அவர் வாங்கிக்கிட்டாரா?'

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிவரியாகத் தேடினேன். மற்றவர்கள் கத்தியதாக எழுதியிருக்கிறாய், கடுகு சொன்னதாக எழுதியிருக்கிறாய். நான்தான் அது என்று நீ ஓரிடத்திலும் எழுதவில்லை.

'பூ' பகுதியின் மெய்ப்பு 30ஆம் தேதி அச்சுக்குப் போகிறது. உனக்குச் சம்மதமில்லை என்றால் எழுதாதே, அக்கா ஒன்றும் நினைக்க மாட்டேன். சம்மதம் என்றால் உன் கையால் எழுது. அதற்குமேல் நான் வற்புறுத்த மாட்டேன்.

அக்கா

•

செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். உன் தோளும் அத்தானின் காலும் இந்நேரம் சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்றோடு வேலை முடிந்தது. சாரத்தைப் பிரித்துவிட்டோம். பிள்ளைகளெல்லாம் வந்து சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ரெட்டைப் பின்னல் மூலையில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, வழவழவென்று இருக்கிறது என்றாள். இருபது வருடத்தில் என் வேலைக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் யாரும் கொடுத்ததில்லை. கூடத்துச் சுவரில் வேலை செய்தவர் பெயர் எழுத ஓரிடம் விட்டிருக்கிறார்கள். என்ன பெயர் போடட்டும் என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடுகு சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். அப்படியே போடுங்கள் என்றேன்.

உங்கள் பதிப்பாசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல். அவர் கேட்டதை என் கைப்பட, முழு மனதோடு எழுதித் தருகிறேன். எட்டு அறையையும் ஒரு கூடத்தையும் ஒரு இழை விலகாமல் பூசி முடித்த பூச்சாண்டி நான்தான். கதவைச் சாத்தவேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உன் தம்பி, கடுகின் அப்பா,
பூச்சாண்டி